கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

முப்பத்தொரு வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றே சம்பாதித்தவர் கண்டக்டர். அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அவர் மேல்கம்பியைப் பிடித்ததில்லை. கர்ப்பிணிகள், குடித்தவர்கள், டிக்கெட் பரிசோதகர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்காக மட்டுமே கம்பி வைக்கப்பட்டது என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்ற எட்டாம் வருடம் அவர் விழுந்தார். ஓடும் பஸ்ஸில் அல்ல, ஓடாத மாடிப்படியில். மூன்றாவது மாடி வீட்டிலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கியபோது மணிக்கட்டு உடைந்தது. ஏழு மாதம் கழித்து மறுபடி அதே படி, நெற்றியில் ஐந்து தையல். இரண்டு தடவையும் பச்சைப் பெயின்ட் அடித்த கைப்பிடி, வலது கைக்கு எட்டும் தூரத்தில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

தையல் பிரித்த அன்றே மகள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு மாசம் பயிற்சி தராங்க. மாசக் கடைசியில டெஸ்ட். அறுபது மார்க் வந்தா இங்கயே இருங்க. வரலைன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். சாவிய இப்பவே குடுங்க, அதுவரைக்கும் உள்தாப்பா போதும்."

"மார்க் வாங்க நான் என்ன பள்ளிக்கூடப் புள்ளையா?"

"புள்ளைங்க விழுந்தா எந்திரிச்சுடும்பா."

மகள் வீட்டில் ஒரு குறையும் கிடையாது. தரைத்தளம், வழுக்காத தரை, வேளைக்குச் சாப்பாடு. ஜன்னலைத் திறக்கலாமா, டிவி எத்தனை சத்தத்தில் ஓடலாம், விளக்கு எப்போது அணையும் என்பதையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். ஒரு பஸ்ஸையே விசிலால் நிறுத்தியும் கிளப்பியும் வந்தவருக்கு அங்கே பயணி வேலைதான் காலி. சாவி மகளின் கைப்பைக்குள் விழுந்த சத்தம் அவருக்கு இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தது.

பயிற்சி என்பது வீடியோ கேம். எடை பார்க்கும் மெஷின் மாதிரி ஒரு பலகையைக் கொடுத்து, அவர் வீட்டு டிவியோடு இணைத்துவிட்டார்கள். பலகையில் ஏறி நின்றால் திரையில் ஆறு ஓடும், ஆற்றில் படகு. ஆறு வலது பக்கம் வளைந்தால் உடம்பை வலது பக்கம் சாய்க்க வேண்டும், படகு திரும்பும். பலகைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, தடுமாறினால் அதைப் பிடிக்கச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட் பெண். கண்டக்டர் நாற்காலியைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்.

முதல் நாள் பத்தொன்பது மார்க். படகு கரையில் முட்டி முட்டி, கடைசியில் கவிழ்ந்தே போனது. திரையில் இருந்த வாத்து ஒன்று சிரித்தது. அடுத்த மூன்று நாளும் பதினேழு. வாத்து அதே சிரிப்பு. மார்க்கெல்லாம் அன்றன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் மகளின் போனுக்கும் போய்ச்சேரும். வாத்து பரவாயில்லை என்று நினைக்க வைத்தது அவளிடமிருந்து வந்த மௌனம்.

ஐந்தாம் நாள் டிரைவர் வந்தார். கண்டக்டரோடு இருபத்திரண்டு வருடம் ஒரே வண்டியில் போனவர்.

"என்னய்யா, தண்ணியில வண்டி ஓட்டுறியாமே! ஊரே சிரிக்குது."

"ஊருக்கு யார் சொன்னா?"

"நான்தான்."

டிரைவர் ஒரு ஸ்டூலை இழுத்து, பலகைக்கும் டிவிக்கும் நடுவில் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்தார். கண்டக்டர் ஏறினார். அறுபத்துநாலு! அடுத்த ஆட்டம் எழுபத்தொன்று.

"ஏறுய்யா, இன்னொரு டிரிப்!" என்று குதித்தார் டிரைவர். கண்டக்டர் குதிக்கவில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தனை வருடமும் அவர் ரோட்டைப் பார்த்ததே இல்லை; டிரைவரின் தோளைத்தான் பார்த்தார். வலது திருப்பம் என்றால் வண்டி திரும்பும் முன்பே வலது தோள் அரை விரல் இறங்கும். அதைக் கண்டு அவர் உடம்பு முன்கூட்டியே சாய்ந்துவிடும். இப்போதும் ஆறு வளையும்போது, ஸ்டூலில் இருந்த தோள் பழைய ஞாபகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தினம் நாலு மணிக்கு வந்துடு. டீ தரேன்" என்று மட்டும் சொன்னார். எண்பத்திரண்டு, எண்பத்தேழு என்று மகளின் போனுக்கு மார்க் பறந்தது. "சூப்பர்பா!" என்று பதில் வந்தது. படித்துவிட்டு அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

டெஸ்ட் நாள். ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே டிரைவரை நிறுத்திவிட்டார் பிசியோதெரபிஸ்ட்.

"கூட ஒருத்தர்தான் வரலாம் சார்."

உள்ளே போனது மகள். அதே பலகை, அதே ஆறு. வலது கைக்குப் பக்கத்தில் சுவரோடு பதித்த ஒரு கம்பி. மகள் பலகைக்கு முன்னால் ஓரமாகக் கைப்பையை அணைத்தபடி நின்றாள். கண்டக்டர் பலகையில் ஏறினார்.

முதல் வளைவு வந்தது. தோள் எங்கே? படகு கரையை உரசியது. கண் அலைந்தது. அப்போதுதான் பார்த்தார்: தினமும் ஒரு மணி நேரம் காரோட்டி ஆபீஸ் போகிற மகள், திரையைப் பார்த்தபடி பதற்றத்தில் தன் வலது தோளை இறக்கினாள். அவர் சாய்ந்தார். படகு தப்பியது. இடது தோள். சாய்ந்தார். சாவியை வைத்திருந்தவளே அவருக்கு ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல்.

"நிறுத்துங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். "சார், படகு திரையில இருக்கு. நீங்க எங்க பாக்குறீங்க?"

கண்டக்டர் கண்ணைத் திரைக்குத் திருப்பினார்.

"மேடம், நீங்க அவருக்குப் பின்னால போய் நில்லுங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

இப்போது முன்னால் யாருமில்லை. ஆறும் வாத்தும்தான். கண்டக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டைப் பார்த்தார். ஒரு வளைவு. பாதத்தின் ஓரம் பலகையை அழுத்துவது தெரிந்தது. இரண்டு. மூன்று. முப்பது மார்க். முப்பத்தெட்டு. பின்னால் மகள் மூச்சை விடாமல் நிற்பதும் தெரிந்தது. நாற்பத்துநாலில் ஆறு சட்டென்று இடது பக்கம் ஒடிந்தது. இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். அறை சுழன்றது.

"அப்பா!"

டப்பென்று ஒரு சத்தம். விழுந்த சத்தம் அல்ல. அவர் வலது கை கம்பியைப் பிடித்த சத்தம். படகு கவிழ்ந்தது. கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார்.

மகளின் கை, கைப்பையின் ஜிப்பில் இருந்தது.

"நாப்பத்துநாலு" என்றார் அவர், கம்பியை விடாமல். "பூட்டிடும்மா. வீட்டுல வாங்கின மார்க் என்னோடது இல்ல. டிரைவர உக்கார வெச்சு வாங்கினது."

"தெரியும் சார்" என்றார் பிசியோதெரபிஸ்ட். "பதினேழுலேர்ந்து ஒரே நாள்ல எழுபத்தொண்ணுக்கு யாரும் போனதில்ல. அதுலேர்ந்து வந்ததையெல்லாம் அடிச்சுட்டேன். அதுக்கு முன்னாடி அதிகபட்சம் பத்தொன்பது, இப்ப நாப்பத்துநாலு. இது ரெண்டும் உங்களோடது." பிறகு மகளைப் பார்த்தார். "அறுபதுன்னு யார் சொன்னது?"

"போன்ல வர்ற மார்க் சார்ட்ல பச்சைக் கலர் அறுபதுலதானே ஆரம்பிக்குது?"

"அது கேம் கம்பெனிக்காரன் அடிச்ச பச்சை. எனக்கு வேண்டியது அந்தக் கை எங்க போகுதுங்கறது. ரெண்டு தடவ விழுந்தப்பவும் போகல. இன்னிக்குப் போச்சு." அட்டையில் ஏதோ எழுதினார். "இன்னும் ஆறு வாரம் பயிற்சி. வீட்டுலயே இருக்கட்டும். படியில ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடி. நாற்காலி முன்னால. டிரைவர் பின்னால."

மகள் ஜிப்பைத் திறந்தாள். சாவியை நீட்டினாள், ஆனால் உடனே விட்டுவிடவில்லை.

"டூப்ளிகேட் ஒண்ணு என்கிட்ட இருக்கு."

"எப்ப போட்டே?"

"நீங்க எண்பத்தேழு வாங்கின அன்னிக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு படி. கீழே டிரைவர் காத்திருந்தார். கண்டக்டர் மேல்படியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில் கைப்பிடியில் கை வைத்தார்.

"யோவ்! கம்பியப் புடிச்சிட்டியா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார் டிரைவர்.

"வாய மூடிட்டு வழிய விடுய்யா. ஆள் இறங்குது."