பாட்டைக் கேட்ட முகவரி

கணினித் திரையில் வரி வரியாக நகர்ந்த எண்களை முத்தியால்பேட்டை சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தது நினைவிருக்கிறது. "இதுல ஆளுங்க எங்க தம்பி இருக்காங்க?" என்று கேட்டார்.

அப்போது லாஸ்பேட்டையில், இணையதளங்கள் நடத்தித் தரும் சிறு நிறுவனமொன்றில் எனக்கு வேலை. சார் எங்களூர் மேட்டுப்பாளையத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடகர் குழுவில் இருந்த மனைவி இறந்தபின், அவர் பாடியவற்றை எங்களிடம் ஒரு தளமாகப் போட்டுவைத்திருந்தார். ஒரே மகள் பிரான்சில். அவள் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. அதன்பின் பேச்சு நின்றுபோனது.

தளத்துக்கு யார் வந்தாலும் சர்வர் தானாக ஒரு வரி எழுதிவைக்கும்: எந்த இணைய முகவரியிலிருந்து, எப்போது, எந்தப் பக்கம். அந்த லாக் கோப்பைத்தான் திறந்து காட்டினேன். பெரும்பாலானவை தேடுபொறிகளின் தானியங்கி வருகைகள். அவற்றை ஒதுக்கியதும் ஒரே முகவரி மிஞ்சியது. ஞாயிறுதோறும் ஒரே பாட்டு. நாடு, பிரான்ஸ்.

"எம் பொண்ணுதான்."

"நாடுதான் சார் தெரியுது. ஆளு தெரியாது. நம்மூர்லேர்ந்து போனவங்க அங்க எவ்ளோ பேர் இருக்காங்க!"

அவர் காதில் வாங்கவில்லை. அந்தப் பாட்டுக்குக் கீழே தன் எண்ணைப் போட்டு, 'அப்பாவுக்குக் கோபம் இல்லை, போன் பண்ணும்மா' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார். போன் வந்திருக்கிறது, பேசியது மகள் அல்ல. மனைவியோடு கோயிலில் பாடி, பின்பு பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு தோழி. "கேக்கறது நான்தாங்க. பொண்ணுன்னு நெனச்சிக் காத்துட்டிருப்பீங்களேன்னுதான் பண்ணேன்" என்றாராம். வைக்கும்முன், "பொண்ணு நம்பர் இருக்கில்ல, நீங்களே பண்ணா என்ன?" என்றும் கேட்டிருக்கிறார்.

"பண்ணீங்களா சார்?"

"பண்ணேன். எடுத்தா. அம்மா பாட்டெல்லாம் இங்க போட்டிருக்கிற விஷயத்தச் சொன்னேன். அவளுக்குத் தெரியவே தெரியாது."

இப்போதெல்லாம் தளங்களின் வருகைகளை வண்ண வரைபடங்களாகப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். வரிகளைத் திறக்க வேண்டியிருப்பதில்லை. அன்று திறந்தேன். பிரான்சிலிருந்து இரண்டு முகவரிகள் இருந்தன. புதியது, முந்தைய நாள் தளத்திலிருந்த எல்லாப் பாட்டையும் ஒன்றுவிடாமல் கேட்டிருந்தது.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த வரியக் கொஞ்சம் பெருசாக்கு தம்பி" என்றார்.