புத்தலப்பட்டுக்குள் அர்த்தம், சந்திரகிரிக்குள் வாக்கியம்

செனட்டர் ஒருவரைப் பற்றி நான் இங்கிலீஷில் நாற்பத்தொரு வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட நல்ல வாக்கியம் இல்லை. கிராமரைச் சொல்லவில்லை, அதுவும் சுமார்தான். அந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட அதில் கிடையாது என்கிறேன்.

செனட்டர் என்பது எங்கள் வீட்டு ஓனரம்மா. வாக்கியம் எல்லாம் அம்மா சொன்னது. நான் எழுதியதோடு சரி.

வீடு சித்தூரில். வேலை திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில். அம்மா அறைகளைப் பெருக்கித் துடைப்பாள். நான் பெட்ஷீட்டும் தலையணை உறையும் மடித்து அடுக்குவேன். இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வருவோம். ஒரு நாள் அறையைக் காலி செய்த யாரோ ஒரு தடிப் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அட்டை இல்லை. உள்ளே முழுக்கப் பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், கீழே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். மூன்று மாதம் யாரும் தேடி வரவில்லை. மேனேஜர் அதை என்னிடம் தள்ளினார்.

"ரிசப்ஷன்ல உக்காரணும்னு ஆசைப்பட்டியே, இத்தப் படிம்மா."

நான் எட்டாவதோடு நின்றவள். அதுவும் தெலுங்கு மீடியம். வார்த்தையைப் போனில் அடித்தால் தெலுங்கில் அர்த்தம் வரும். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அர்த்தம் புரிந்துவிடும். அந்தப் புத்தகத்து வாக்கியங்கள்தான் புரியவில்லை. அதில் வருகிற ஆட்களில் ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது. பேராசிரியர் ஒருவர் எப்போதும் களைப்பாக இருந்தார். செனட்டர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் வந்து பிடிவாதம் பிடித்தார், பெருமை அடித்தார், கூட்டத்தில் கத்தினார்.

"யாருடி இவன்?" என்று அம்மா கேட்டாள்.

"வெளிநாட்டுல எம்.பி. மாதிரிம்மா."

"அவன் பிடிவாதம் புடிச்சா நமக்கின்னா? நம்ம தெருவுல பிடிவாதத்துக்குப் பஞ்சமா? ஓனரம்மா கீறாளே, அவள எழுது."

அப்படித்தான் எங்கள் சட்டம் உருவானது. பஸ் சித்தூரை விட்டதும் நான் வார்த்தையைச் சொல்ல வேண்டும். புத்தலப்பட்டு வருவதற்குள் அர்த்தத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். சந்திரகிரி வருவதற்குள் அம்மா ஒரு வாக்கியம் தர வேண்டும். அது எங்களுக்குத் தெரிந்த ஆளைப் பற்றியதாக, உண்மையாக இருக்க வேண்டும். வாக்கியம் நேரத்துக்கு வந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டிலிருந்து லாட்ஜ் வரைக்கும் சாப்பாட்டுப் பையை நான் தூக்க வேண்டும், வராவிட்டால் அம்மா. இரண்டு வருஷத்தில் அம்மா பையைத் தொட்டது நாலு முறை.

பிடிவாதத்துக்கு இங்கிலீஷில் ஆப்ஸ்டினேட். அம்மா கொடுத்தது: "ஓனரம்மா மோட்டார் சுவிட்ச்சுக்குப் பூட்டு போட்டு, சாவிய இடுப்புல சொருவிக்கினு கீறா. எமனே வந்து தண்ணி கேட்டாலும் ஆறு மணிக்குத்தான் போடுவா."

பெருமை காட்டுவது ஆஸ்டென்டேஷியஸ். "ஓனரம்மா பட்டுப்பொடவை கட்டிக்கினு குப்பை வண்டிக்குக் குப்பை கொட்டறா."

கொஞ்ச நேரமே நீடிப்பது எஃபெமரல். இதற்கு அவள் தெருவை விட்டு லாட்ஜுக்கு வந்தாள். "நம்ம லாட்ஜு சுடுதண்ணி." அடுத்த வாரம் மூன்றாவது மாடியில் ஒரு பெங்களூர்க்காரர் சுடுதண்ணீர் வருமா என்று என்னைக் கேட்டார். "சார், ஹாட் வாட்டர் இஸ் எஃபெமரல்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எழுதுகிற விதத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் நடந்த கூத்துக்கு அதுதான் காரணம். அம்மா வேகமாகச் சொல்வாள். மறந்துவிடாமல் இருக்க அவள் சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வேன். எனக்கு அப்போது தமிழ் எழுத்து வராது. அதனால் பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. அம்மாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும். ஒரே வீட்டில் ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படிக்க முடியாது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு பென்சில் வரிக்கு மேலே நீல மையில் இங்கிலீஷ் எழுதுவேன். இங்கிலீஷில் மட்டும் ஓனரம்மாவைச் செனட்டர் ஆக்கிவிடுவேன். யாராவது பார்த்தாலும் வெளிநாட்டு விவகாரம் என்று போய்விடுவார்கள் அல்லவா?

கடைசி வார்த்தை இன்டிஃபேட்டிகபிள். சலிப்பே இல்லாத, ஓயாத என்று அர்த்தம். புத்தலப்பட்டுக்கு நல்ல தூரம் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"இரு, யோசிக்கறேன்" என்றாள். பிறகு தலை வலிக்கிறது என்றாள். பிறகு என்னவோ சொன்னாள், வாய் ஒரு பக்கமாகப் போனது. நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். புத்தலப்பட்டில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். அவ்வளவுதான்.

போனில் அம்மாவின் குரல் ஒன்றுகூட இல்லை. ஃபோட்டோ ஏழு இருக்கிறது. ஏழிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். வாயை மூடிய அம்மா யாரோ மாதிரி இருக்கிறாள். அவள் பேச்சு மிச்சம் இருப்பது அந்த நோட்டில் மட்டும்தான். தமிழ் எழுத்தைக்கூட அவள் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன், காலண்டரில் அவள் கிறுக்கி வைத்ததைப் படிக்க. முதலில் படித்தது: "பால் வர்ல." அடுத்தது: "இன்னிக்கும் வர்ல."

எட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஓனரம்மா வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களோடு தமிழ், சண்டையில் இரண்டும். அம்மா அவரை வதினா, அதாவது அண்ணி என்பாள், நான் அத்தை என்பேன்.

"ஏமே, உங்கம்மாவும் நீயும் பெரிய இங்கிலீஷு எழுதுவீங்களே, அந்த நோட்டு கீதா? எம் பொண்ணு வெளிநாடு போவப் பரீட்ச எழுதறா. எல்லாம் அந்த மாதிரி வார்த்தையாம். ரெண்டு நாளு குடு."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவை வாசலில் கிடத்தியிருந்த அன்று இடுப்புச் சாவியை எடுத்து, நாள் முழுக்க மோட்டாரை ஓட விட்டவர் அவர். கொடுத்துவிட்டேன். பொண்ணு படிக்கப் போகிறாள், செனட்டர்தானே இருக்கிறார், என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில், சரியாகப் புத்தலப்பட்டில், ஞாபகம் வந்தது. பென்சில்! நீல மைக்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் பென்சில் இருக்கிறது. அதில் செனட்டர் இல்லை, ஓனரம்மா இருக்கிறார். நான் அதை ஒரு எழுத்தாகவே நினைத்ததில்லை, சாரம் கட்டி வீடு கட்டிய பிறகு சாரத்தை யார் பார்க்கிறார்கள்? பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. எங்கள் அம்மாவே படிக்க முடியாத நோட்டு. தெலுங்கு எழுத்தும் எங்கள் தமிழும் தெரிந்து, தெருவிலேயே அதைத் தடங்கலில்லாமல் படிக்கக்கூடிய ஒரே ஆளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அன்று மடித்த பெட்ஷீட் ஒன்றுகூடச் சதுரமாக வரவில்லை. சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பொண்ணு வந்து கதவைத் திறந்தாள்.

"நோட்டு முடிச்சிட்டியா? எனக்குக் கொஞ்சம் வேலை கீது."

"நா ரெண்டு பக்கந்தான் படிச்சேன்கா. அம்மா புடுங்கிக்கினாங்க. கண்ணாடி போட்டுக்கினு ரூமுல படிக்கறாங்க."

"சிரிக்கறாங்களா?"

"இல்லியே. ஆமா, யாருக்கா அந்த செனட்டரு? ஆம்பள ஏன் பட்டுப்பொடவை கட்டிக்கினு குப்ப கொட்டறாரு?"

"வெளிநாட்டுல அப்டித்தான்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

சனிக்கிழமை வேலைக்கும் போகவில்லை, தண்ணீர் பிடிக்கக்கூட நான் வெளியே வரவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார் என்று தெரியும். சொல்லட்டும். வேறு வீடு கிடைக்கும். பயம் அதில் இல்லை. கோபத்தில் அந்தப் பக்கங்களைக் கிழித்து, சுடுதண்ணி அடுப்பில் போட்டுவிட்டால்? அம்மாவுக்கு வேறு வாய் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொண்ணு வந்து கூப்பிட்டாள். ஓனரம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. எண்ணிப் பார்க்க முடியாவிட்டாலும் தடிமன் குறையவில்லை என்று தெரிந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, அம்மாவின் குரல் மாதிரியே இழுத்துப் படித்தார்.

"எமனே வந்து தண்ணி கேட்டாலும் ஆறு மணிக்குத்தான் போடுவா. யாரு இது?"

"செனட்டர், அத்தை."

"செனட்டரு! மூஞ்சிய பாரு. சுத்த அபத்தம்!"

தெலுங்கில் அபத்தம் என்றால் பொய். நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாவின் பென்சில் வரிக்குக் கீழே சிவப்பு மையில் தெலுங்கு எழுத்து. "பொய். ஒரு நாள் அஞ்சே முக்காலுக்கே போட்டேன். இவதான் தூங்கிக்கினு இருந்தா." அடுத்த பக்கம் திருப்பினேன். குப்பை வண்டிக்குக் கீழே: "அது பட்டு இல்ல, பாலியெஸ்டர்." ஒரு இணுக்கு கருவேப்பிலை கொடுக்க மனசு வராதவள் என்று அம்மா சொன்னதற்குக் கீழே: "கேக்காம பறிச்சிக்கினு போறவளுக்கு எதுக்குக் குடுக்கணும்?" பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. நாற்பத்தொரு பதில்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எங்கம்மா நோட்டுல யாரக் கேட்டு எழுதினீங்க?" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"உங்கம்மா யாரக் கேட்டு எழுதினா?"

எங்கள் சட்டப்படி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். உண்மைதானா என்று செனட்டரை ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு. பாலியெஸ்டர் என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான். அம்மா மட்டும் இதைக் கேட்டிருந்தால் அந்தத் தெருவே கேட்கிற மாதிரி பதில் கொடுத்திருப்பாள்.

"சிரி, சிரி" என்றார் ஓனரம்மா. "எட்டு மாசமா இந்தத் தெருவுல ஒருத்தி எங்கிட்ட எதுத்துப் பேசறதில்ல. சரிங்க மேடம், சரிங்க மேடம். துன்னது செரிக்க மாட்டேங்குது. காலையில ஆறு மணிக்கு மோட்டார் போட்டா, ஏன் லேட்டுன்னு கேக்க ஆளில்ல."

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இன்டிஃபேட்டிகபிள். வார்த்தை மட்டும்தான் இருந்தது. கீழே பென்சிலும் இல்லை, நீலமும் இல்லை. சிவப்பும் இல்லை.

"இதுக்கு ஏன் காலியா கீது? நா இன்னான்னு பதில் எழுதறது?"

"அன்னிக்குச் சந்திரகிரி வர்ல, அத்தை."

அவருக்கு எங்கள் சட்டம் தெரியாது. சொன்னேன். புத்தலப்பட்டு, சந்திரகிரி, சாப்பாட்டுப் பை, எல்லாம். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அர்த்தம் இன்னா?"

"ஓயாதவங்க."

"ம்." நோட்டை என் கையில் கொடுத்தார். "பரீட்சைக்கு எம் பொண்ணு வேற நோட்டு வாங்கிப்பா. இத நீ முடிச்சிட்டு எடுத்துனு வா. நா பாக்கணும். உண்மையா எழுதணும், செப்பறேன்."

திங்கட்கிழமை பஸ்ஸில் அம்மாவின் ஜன்னல் சீட்டில் நானே உட்கார்ந்தேன். சித்தூர் தாண்டியதும் வார்த்தையைச் சொன்னேன், மெதுவாகத்தான். புத்தலப்பட்டுக்கு முன்னால் அர்த்தத்தையும் சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். புத்தலப்பட்டு வந்தது. எப்போதும் அங்கே கண்ணை மூடிக்கொள்வேன். அன்று மூடவில்லை, நேரம் இல்லை. வாக்கியம் தேட வேண்டியிருந்தது.

சந்திரகிரிக் கோட்டை தெரிவதற்கு முன்னால் கிடைத்தது. அம்மா சொல்கிற மாதிரியே பென்சிலில் எழுதினேன், தெலுங்கு எழுத்தில், ஓனரம்மா கண்ணாடி இல்லாமலேயே படிக்கிற மாதிரி அழுத்தி: "ஓனரம்மா செத்தவளக்கூட உடாம, நாப்பத்தோரு தடவ சண்டைக்கு நிக்கறா." மேலே நீல மையில் இங்கிலீஷ். அதிலும் இந்த முறை ஹவுஸ் ஓனர் என்றே எழுதினேன். கீழே சிவப்புக்கு நாலு வரி இடம் விட்டேன்.

திருப்பதியில் இறங்கினேன். வாக்கியம் நேரத்துக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் தோற்றது நான்தான். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.