மிச்சம் வைத்த பதினோரு பதிவுகள்

அலுவலகத்தில் நான் எழுதுவது ஆங்கிலம், பேசுவது இந்தி, திருட்டுத்தனமாகச் செய்வது தமிழ். ஏழு வருடங்களாக ஒரு புனைபெயரில் பிளாக் நடத்திவந்தேன். வாரம் முழுக்க செக்‌ஷன் ஆபீசராக விழுங்கியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அதில் துப்பிவிடுவேன். ஆபீஸ் இயக்குநர் ஏப்பம் விடும் அழகு, எதையும் முடிவு செய்யாமல் முடியும் மீட்டிங்குகள் என்று சரக்குக்குப் பஞ்சமே இல்லை. டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீசைக் கிண்டலடிக்கத் தமிழைவிடப் பத்திரமான இடம் எது? என் பிள்ளைகளுக்கே தமிழ் எழுத்து ஜிலேபி மாதிரிதான் தெரியும்.

அந்தத் தைரியமெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறங்கிப்போனது. மேஜையில் ஒரு சர்குலர் கிடந்தது. ஊழியர்கள் அலுவலக விஷயங்களைச் சமூக ஊடகங்களில் எழுதக் கூடாது, மீறினால் நடவடிக்கை. எல்லா செக்‌ஷனுக்கும் போன காகிதம்தான். எனக்கென்னவோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டைப் அடித்த மாதிரி இருந்தது. பென்ஷனும் அரசாங்கக் குவார்ட்டர்ஸும் பெட்டி படுக்கையோடு வாசலில் நின்றன. கைபேசியை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

நாற்பது நிமிடம் அழித்தேன். இயக்குநர் வருகிற பதிவு, மந்திரி மாதிரி யாரோ வருகிற பதிவு, கோப்பு என்ற சொல் வருகிற பதிவு, எல்லாம் போயிற்று. வெளியே யாரோ கதவைத் தட்டியபோது வயிறு சரியில்லை என்று இந்தியில் முனகினேன். யாராலும் எனக்கு ஆபத்து வராத பதிவுகளை மட்டும் விட்டுவைத்தேன். பதினொன்று தேறியது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். பயந்தவன் சும்மா இருப்பானா? இயக்குநர் அறைக்கு ஓடி, ‘சார், எனக்கு ஒரு சின்ன பிளாக் உண்டு, தமிழில், இப்போது அதில் ஒன்றுமே இல்லை’ என்று நானாக ஒப்புக்கொண்டேன். அவர் சர்குலரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அரே பாய், இது வருஷா வருஷம் வருது. தமிழ் இங்க யார் படிக்கப் போறா? போய் சாய் குடிங்க.”

சாய் அப்போதுதான் அவர் மேஜைக்கு வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவர் எங்கள் ஆபீசின் ஒப்பந்த ஊழியர், விழுப்புரம் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னோடு வெளியே வந்ததும் கேட்டார்.

“சார், நீங்க தமிழ்ல எழுதுவீங்களா? சொல்லவே இல்ல பாத்தீங்களா! எப்படித் தேடணும்னு எழுதிக் குடுங்க சார். எனக்குத்தான் படிக்கத் தெரியாது, பொண்ணு ஒன்பதாவது, மந்திர் மார்க் தமிழ் ஸ்கூலு. அவள உட்டுப் படிக்கச் சொல்றேன்.”

ஏழு வருடத்தில் யாருமே என்னிடம் இப்படி நேரில் கேட்டதில்லை. குளிர்ந்துபோனேன். சீட்டில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மனைவி முருங்கைக்காயைப் பேரம் பேசிக்கொண்டிருக்க, யாராவது படித்தார்களா என்று கைபேசியைத் திறந்தேன். பதினோரு தலைப்புகளையும் முதல்முறையாக ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தேன். பதினொன்றும் சாய் கொண்டுவருகிறவரைப் பற்றியவை.

மதராசி கேம்ப் குடிசை வீடு இடிபட்டு ஊர்க்கோடி நரேலாவுக்குப் போனபின் அவர் தாமதமாக வருவதைப் பற்றி நான்கு. தாமதத்துக்கு அவர் சொல்லும் காரணங்களை வரிசைப்படுத்தி இரண்டு. அவர் கொண்டுவரும் சாயின் ருசியைப் பற்றி நான்கு. மீட்டிங் முடிந்ததும் தட்டில் மிஞ்சும் பிஸ்கட்டையும் முந்திரியையும் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைப்பதைப் பற்றி ஒன்று. அவருக்கு ‘பிஸ்கட் இலாகா’ என்று பட்டம் வேறு. பெயர் போடவில்லைதான். ஆனால் நரேலாவும் சாயும் தாமதமும் சேர்ந்தால் வேறு யார்? கடிக்கக்கூடியவர்களை எல்லாம் அழித்துவிட்டு, கடிக்க முடியாத ஒரு மனிதரை மட்டும் கடைவிரித்து வைத்திருந்தேன். கடைக்கு விலாசம் எழுதிக் கொடுத்ததும் நானே.

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, இன்று பார்த்தவர் ஒருவர் என்று ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?” என்றாள் மனைவி.

“முருங்கைக்காய் விலையைக் கேட்டுத்தான்” என்றேன்.

மறுநாள் அவர் சாயை வைத்துவிட்டு நின்றார். நான் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

“பொண்ணு படிச்சிக் காமிச்சா சார்.”

“அச்சா, அச்சா. அதெல்லாம் சும்மா தமாஷுக்குப்பா.”

“தெரியும் சார். ரெண்டு பஸ்ஸுன்னு போட்டிருக்கீங்க, மூணு சார். நடுவுல அவள ஸ்கூல்ல உடணும் இல்ல?” கொஞ்சம் தயங்கினார். “கடைசியா ஒண்ண மட்டும் மனசுக்குள்ளயே படிச்சிட்டு, இது நல்லா இல்லப்பான்னு மூடி வச்சிட்டா. என்னா சார் அதுல?”

வாயில் ஒரு ஜோக் தயாராக வந்து நின்றது. அதுதான் என் வழக்கம். அதை விழுங்கிவிட்டு, பிஸ்கட்டைப் பற்றி எழுதியதைச் சொன்னேன். பட்டத்தையும் சொன்னேன். எழுத்தில் வேடிக்கையாக இருந்தது, வாயால் சொல்லும்போது எங்கேயும் வேடிக்கை இல்லை.

அவர் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“அவளுக்குத்தான் சார் எடுத்துப் போறது.” பிறகு, தனக்குள் ஏதோ புரிந்த மாதிரி, “அதான் காலைல பஸ்ல சொல்லிக்கினே வந்தா. ‘சார்கிட்ட எதுவும் கேக்காதப்பா, வேலை போயிடும்’னு.”

“போகாதுப்பா. தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ.”

“ஐயோ, உடுங்க சார்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இத்தனை வருடம் நான் சொன்ன ஒவ்வொரு ஜோக்குக்கும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் சிரித்த அதே சிரிப்பு. அவருடைய சம்பளத்துக்கான வருகைத் தாளில் மாதா மாதம் கையெழுத்துப் போடுகிறவன் நான்.