பக்கிரி கை ஓங்காத வருஷம்

மந்தைவெளி ரேடியேட்டர் பக்கிரி அடித்தவர்களில் பதினொரு பேரை எனக்குப் பெயரோடு தெரியும். அவர்களில் ஒருவரைக்கூட அவன் குடித்துவிட்டோ, கட்சிக்காகவோ, பெண் விஷயத்துக்காகவோ அடித்ததில்லை. எல்லாமே ரேடியேட்டர் விஷயம். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் பொடியைக் கொட்டி ஒழுக்கை அடைத்துக்கொண்டு வந்த டாக்சிக்காரர் ஒருவருக்கு 1969-ல் இரண்டு பற்கள் போயின. தண்ணீர் வற்றியது தெரிந்தும் செங்கல்பட்டிலிருந்து வண்டியை ஓட்டிவந்த டிரைவரின் மூக்கு அதற்குப் பிறகு நேராக நிற்கவில்லை. விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. அதனால் பக்கிரியின் கொட்டகைக்கு அடிக்கடி போவேன். என்னை அவன் அடித்ததில்லை. நான் எதையும் தொடமாட்டேன்.

அவன் சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் வாந்தி. அதற்காக அப்பன் துடுப்பாலேயே அடித்தான். அங்கிருந்து புதுப்பேட்டைக்கு ஓடி ஒரு ரேடியேட்டர் மேஸ்திரியிடம் சேர்ந்தான். பற்றுவைப்பில் ஒரு துளி ஈயம் அதிகமானால் அந்த மேஸ்திரி ஈயம் உருக்கும் சூடான பற்றுக்கோலை முன்கையில் வைப்பார். பக்கிரியின் இரண்டு முன்கைகளிலும் அந்தத் தழும்புகள் வரிசையாக இருந்தன. தப்பான வேலைக்கு அடிதான் பதில் என்று அவன் கற்றது அங்கேதான். தொழிலைக் கற்றுக்கொண்டபோதே அதையும் சேர்த்துக் கற்றுவிட்டான்.

அவனுக்கு இருந்த ஒரே உறவு அக்கா பச்சையம்மா. கணவனை இழந்தவள். மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவள் பேரில் ஒரு கட்டுமரமும் வலைகளும் இருந்தன. அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் கொடுக்கும் பங்கு மீன்தான் அவள் பிழைப்பு.

1977 பிப்ரவரியில் ஒரு லாரி ஏஜெண்டின் தாடையைப் பக்கிரி உடைத்தான். சைதாப்பேட்டை கோர்ட்டில் குற்றம் உறுதியாயிற்று. இனி ஒரு வருஷம் யார்மேலும் கை வைக்கமாட்டேன் என்று பத்திரம் எழுதிக்கொடுக்கச் சொல்லி, ஜாமீன் யார் என்று கேட்டார் நீதிபதி. பச்சையம்மா முன்னால் வந்து தன் கட்டுமரத்தையும் வலைகளையும் சொத்தாகக் காட்டினாள். பத்திரத்தை மீறினால் பக்கிரிக்கு ஜெயில், அவளுடைய கட்டுமரம் ஜப்தி.

கோர்ட்டு வாசலில் அவள் தம்பியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கை ரெண்டும் ஒரு வருசத்துக்கு என்னுது. உன்னுது இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எவனாச்சும் மூஞ்சில துப்புனாக்கூட தொடச்சிக்கினு வேலையப் பாரு."

அந்த வருஷம் ஜூலையில் ஜவஹர் வந்தான். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தனபாலனின் தம்பி. அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள, தம்பி அண்ணன் பேரிலிருந்த ஃபியட் காரைப் பார்த்துக்கொண்டான். கூடவே எப்போதும் அய்யாதுரை இருப்பான். கடையில் துணிப் பொதி இறக்குகிறவன். கதவு அளவுக்கு ஆள்.

துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு ஜெனரேட்டரிலிருந்து டர்போ ஒன்றை வாங்கி ஃபியட்டில் பொருத்தியிருந்தான் ஜவஹர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் சாதனம் அது. காற்று அதிகம் போனால் பெட்ரோல் அதிகம் எரியும், வண்டி பறக்கும். ஆனால் அழுத்திய காற்று கொதிக்கிற சூட்டில் இருக்கும். அப்படியே உள்ளே போனால் பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனை உடைக்கும். அந்தக் காற்றை நடுவழியில் ஆறவைக்க ஒரு குளிர்விப்பான் வேண்டும். இன்று இன்டர்கூலர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பக்கிரி அதைக் காத்து ரேடியேட்டர் என்றான்.

"இன்னா நைனா இது, நத்தை மாறி கீது?" என்று டர்போவைத் தட்டிப் பார்த்தான்.

"நத்தை இல்லவே, சிங்கம். ரெண்டு பிஸ்டனைத் தின்னுட்டு" என்றான் ஜவஹர். உடைந்த பிஸ்டனைக் காட்டினான். அதன் தலையில் விரல் நுழையும் ஓட்டை. ஓரமெல்லாம் உருகி வழிந்திருந்தது.

பக்கிரி எஞ்சினைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பது அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் ஒரு குளிர்விப்பான் செய்தான். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின்மேல் மெழுகுவத்தித் துண்டுகளை ஒட்டினான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மெழுகு இளகியிருக்கலாம், வழியக்கூடாது என்பது அவன் கணக்கு. கடற்கரைச் சாலையில் ஜவஹர் வண்டியை விரட்டினான். கலங்கரை விளக்கம் தாண்டுமுன் பானெட்டுக்குள் ஆணிப்பெட்டியைக் குலுக்குவது போலச் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திப் பார்த்தபோது குழாயில் மெழுகே இல்லை. வழிந்து கீழே போய்விட்டது.

"இதுக்கா உன்னைய மயிலாப்பூர்ல ஆகா ஓகோங்கான்?" என்று சிரித்தான் ஜவஹர்.

"என் தப்பு நைனா. இஞ்சினப் பாத்து அளவு எடுத்துட்டேன். நத்தை தள்ற காத்தப் பாத்து எடுத்திருக்கணும்."

கொட்டகைக்குத் திரும்பியதும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புது அளவை வரைந்தான். பதினான்கு அங்குலத்துக்கு ஏழு. தண்ணீர் ரேடியேட்டரை மறைக்காமல், பம்பருக்குக் கீழே, ஓரமாக.

ஜவஹர் அந்தக் கோட்டைச் செருப்புக் காலால் அழித்தான்.

"சட்டைத்துணி பத்தலைன்னா பெருசா வெட்டுவானா, இன்னொரு முழம்னு எண்ணிக்கிட்டிருப்பானா? வண்டி மூஞ்சி முழுக்க வேணும்வே. கடை போர்டு மாதிரி. எதுத்தாப்ல வாரவன் பயந்து ஒதுங்கணும்."

"அப்பிடி வெச்சா ரெண்டு கேடு கீது. தண்ணி ரேடியேட்டருக்குக் காத்து போவாது, கொதிக்கும். இன்னொன்னு, மிதிச்சா வண்டி உடனே போவாது. காத்து மொதல்ல இந்தப் பொட்டிய ரொப்பிக்கினு அப்பாலதான் இஞ்சினுக்கு வரும். வரசொல்ல மொத்தமா வரும்."

"செய்யச் சொன்னதைச் செய்யி" என்று ஜவஹர் அவன் கன்னத்தில் இரண்டு முறை தட்டினான். அய்யாதுரை சிரித்தான்.

பக்கிரியின் வலது கை மேலே எழுந்தது. காதுவரை போய், அங்கே நின்று, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் பக்கிரிக்குக் கை ஓங்காமல் மறுக்கத் தெரியாது. பிடிக்காத வேலையை அவன் அதுவரை வாயால் தள்ளியதே இல்லை. ஓர் அறை, அதோடு வண்டி வெளியே போகும். கை அக்காவுடையதாகிவிட்ட பிறகு மறுக்க அவனிடம் எதுவும் இல்லை. இருபத்தாறு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரத்தில் குளிர்விப்பானைச் செய்து கொடுத்தான். எங்கேயும் ஒரு குமிழி கசிவு கிடையாது. வேலை சுத்தம், அளவு தப்பு.

செப்டம்பரில் ஜவஹர் அடையாறு பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தான். அவன் சொன்னதையும் பஸ் கண்டக்டர் சொன்னதையும் சேர்த்து நான் எழுதிக்கொண்டது இது. வலப்பக்கம் ஏறி ஆக்சிலேட்டரை அழுத்தினான். வண்டி எழவில்லை. தரை வரை அழுத்தினான். அப்போதும் இல்லை. எதிரே லாரி வந்தது. காலை எடுக்காமலே பஸ்ஸுக்குப் பின்னால் ஒடித்தான். அந்த நொடியில் பெட்டி நிரம்பி, காற்று மொத்தமாக எஞ்சினுக்கு வந்தது. ஃபியட் பாய்ந்து பஸ்ஸின் பின்புறத்துக்குள் புகுந்தது. ஸ்டியரிங் அவன் முன்பற்களை உடைத்தது. கண்ணாடி நெற்றியைக் கிழித்தது. கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர் பிளந்து, ஆவி பஸ்ஸின் ஜன்னல் வரை எழுந்தது.

சேதத்தைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். குளிர்விப்பானைச் செய்தவன் கையாலேயே அளந்து காட்டச் சொல்ல வேண்டியிருந்ததால், அதைக் கழற்றி மந்தைவெளிக் கொட்டகைக்குக் கொண்டுவரும்படி ஜவஹருக்குச் சொல்லியிருந்தேன். காலை பத்தரைக்கு வந்தான். நெற்றியில் தையல், வாயில் வீக்கம். அய்யாதுரை குளிர்விப்பானைத் தோளில் தூக்கிவந்து தரையில் போட்டான்.

"உன் பொட்டி என்னைக் கொல்லப் பாத்துதுலே" என்றான் ஜவஹர்.

"நான் சொன்னேன் நைனா."

"சொன்னியா? எப்பம்லே சொன்னே?"

அடுத்த வார்த்தைக்கு இடமில்லை. அய்யாதுரை பக்கிரியைப் பின்னாலிருந்து இறுக்கினான். நான் குறுக்கே போனேன். ஒரு தள்ளலில் சுவரில் மோதி என் கண்ணாடி உடைந்தது. ஜவஹர் ரேடியேட்டர் சுத்தம் செய்யும் இரும்புக் கம்பியை எடுத்து முதலில் முழங்காலில் அடித்தான். பிறகு முதுகில். பிறகு அய்யாதுரை பக்கிரியின் வலது கையைப் பிடித்து இரும்பு மேஜையின்மேல் வைத்து அழுத்த, விரல்களின்மேல் அடித்தான். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது.

பக்கிரியின் இடது கை விடுபட்டிருந்தது. அதற்கு எட்டும் தூரத்தில் அடுப்பில் பற்றுக்கோல் சிவந்துகொண்டிருந்தது. ஜவஹரின் முகம் இரண்டடியில் இருந்தது. பக்கிரி பற்றுக்கோலைப் பார்த்தான். அவன் பார்த்ததை அய்யாதுரையும் பார்த்தான், பிடி தளர்ந்தது. பக்கிரி அந்தக் கையைத் தன் கக்கத்தில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

கொட்டகையில் ரத்தம் என்று யாரோ மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி யாரையோ அடிக்கிறான் என்று நினைத்து, அவன் கையைப் பிடிக்கத்தான் பச்சையம்மா ஓடிவந்தாள். வாசலில் நின்றாள். மேஜைமேல் நசுங்கிக் கிடந்த தம்பியின் விரல்களைப் பார்த்தாள்.

"இன்னாடா, பெருசு வோணும்னு கேட்டியாமே?"

ஜவஹர் திரும்பினான். மீன்கூடை தூக்கிப் பழகிய இரண்டு கைகள் தரையில் கிடந்த குளிர்விப்பானைத் தலைக்குமேல் தூக்கியிருந்தன.

"இந்தா, பெருசு!"

தோள்பட்டை எலும்பு முறிந்து அவன் விழுந்தான். அய்யாதுரை குனிந்து அவனைத் தூக்கப்போனான். இரண்டாவது அடி அவன் முதுகில். செப்புத் தகடுகள் சப்பளிந்தன. மூன்றாவது முறை அவள் தூக்கும்போது இரண்டு பேரும் தெருவில் இருந்தார்கள்.

"ஓடுறியேடா பேமானி! நில்லு, இன்னும் அளவு பாக்கல!"

மீன்காரி அடித்தாள் என்று போலீசில் சொல்ல ஜவஹருக்கு மனமில்லை. பக்கிரி அடித்தான் என்று புகார் கொடுத்தான். அது நிலைத்தால் பக்கிரி உள்ளே போவான், கட்டுமரமும் போகும். சைதாப்பேட்டையில் விசாரணை நடந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். பயந்த ஆள், கண்ணாடி உடைந்த பிறகு என்ன தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நீதிபதி பச்சையம்மாவைப் பார்த்தார்.

"உன் தம்பி இவரை அடிக்கவில்லையா?"

"நான்தாங்க அடிச்சேன்."

"தம்பியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாயா?"

"சாமி, அவன் அடிச்சிருந்தா இந்த ஆளு இங்க நின்னு பேசிக்கினு இருப்பானா? வாய் வேல செய்யுது பாருங்க."

லாரி ஏஜெண்டின் தாடை எக்ஸ்-ரே அந்தக் கோர்ட்டிலேயே இருந்தது. நீதிபதி அதை வரவழைத்துப் பார்த்தார். பிறகு பக்கிரியின் பத்திரம் மீறப்படவில்லை என்று எழுதினார். பச்சையம்மாவுக்கும் ஜவஹருக்கும் அய்யாதுரைக்கும் அபராதம். கட்டுமரம் தப்பியது. பக்கிரியின் வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பற்றுக்கோலைப் பிடிக்க இடது கையைப் பழக்கினான். முதல் மூன்று மாதம் அவன் வேலை முழுக்க ஒழுகியது. ஒழுகியதற்கு யாரையும் அடிக்க வழியில்லாமல் தன் தலையில் தானே குட்டிக்கொள்வான்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்தான்.

"சார், அந்தப் பத்திரம் என்னிக்கு முடியுது?"

"நேற்றோடு முடிந்தது."

"கரீட்டா?"

"சரியாக."

தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினான். நானும் பின்னாலேயே ஏறினேன். ஜவுளிக்கடையில் கல்யாணக் கூட்டம். பக்கிரியைக் கண்டதும் ஜவஹர் கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்தான். அய்யாதுரை பொதிகளுக்கு நடுவே நின்றுவிட்டான், முன்னால் வரவில்லை. பக்கிரி வழியில் இருந்த புடவைகளை மிதிக்காமல் தாண்டிப்போய் இடது கையால் ஓர் அறை விட்டான். ஜவஹர் அலமாரியில் மோதி, பட்டுப்புடவைகளோடு கீழே வந்தான். கட்டிய பற்கள் தரையில் உருண்டன.

அண்ணன் தனபாலன் எழுந்து வந்தார். தம்பியைப் பார்த்தார். பக்கிரியின் வலது கையையும் பார்த்தார்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மொதலாளி. ஒண்ணுதான்."

"அப்பம் போயிட்டு வாரும். யாவாரம் நிக்கி."

புகார் எதுவும் வரவில்லை. திரும்பும்போது பக்கிரி மந்தைவெளி மார்க்கெட்டில் இறங்கி அக்கா முன்னால் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான். நானும் கூடவே இறங்கி அவன் பின்னால் நின்றேன். அவள் கையில் வஞ்சிர மீனோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கெடு முடிஞ்சுபோச்சா சார்?"

"நேற்றே முடிந்தது" என்றேன்.

"அப்ப சரி" என்று மீனைக் கட்டையில் வைத்துத் தலையை வெட்டினாள்.