நான் எழுதிய மூன்று ‘இல்லை’

அந்தப் பாறையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த மகராசி நான்தான். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. கீழே என் கையெழுத்து இருக்கிறது, ஊதா மையில் முத்திரையும் இருக்கிறது.

திருமயத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் நான் கிராம நிர்வாக அலுவலர். ஊருக்குத் தெற்கே ஒரு மொட்டைப் பாறை. அதில் கல் வெட்டக் குத்தகை கேட்டு ஒருவர் மனுப் போட்டிருந்தார். இடத்தைப் பார்த்து அறிக்கை அனுப்பச் சொல்லி மேலேயிருந்து படிவம் வந்தது. சித்திரை மாதம். ஸ்கூட்டியைப் பாறையடியில் நிறுத்தும்போதே மண்டை காய்ந்துவிட்டது. மேலே ஏற எனக்கு மனசில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடிவாரத்தில் ஓர் அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் யார் வீட்டு ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பாறைப் பக்கமே கிடப்பவர் என்பதுதான். கேட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

“மேல என்னக்கா இருக்கு?”

“ஒண்ணுமில்லைங்க மேடம். சும்மா கெடக்கு.”

“மரம், தண்ணி, எதும்?”

“என்னத்த மரம்? செடிகொடிதான்,” என்று சிரித்தார்.

மரங்கள்: இல்லை. நீர்நிலை: இல்லை. பொதுமக்கள் பயன்பாடு: இல்லை. வண்டி சீட்டின் மேல் வைத்தே எழுதி முடித்தேன். போகிற வழியில் கம்மங்கூழ் வாங்கிக் குடித்தேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, குத்தகைக்கு எல்லைக் குறி போட்டிருந்ததைச் சரிபார்க்கப் போனபோதுதான் முதல்முறையாக ஏறினேன். அடப்பாவி, என்ன இடம் அது! உச்சியில் ஒரு சுனை, நிறையத் தண்ணீர், உள்ளே தலைப்பிரட்டைகள். பக்கத்தில் ஒரு கல்லிச்சி மரம் பாறைப் பிளவுக்குள் ஆள் உயரத்துக்கு வேரை இறக்கி நின்றது. ஈர மணலில் நகத்தளவுச் சிவப்புச் செடிகள், இலை முழுக்கத் துளித்துளியாக ஈரம். பனி என்று நினைத்தேன். மணி பதினொன்று, எந்தப் பனி அதுவரை நிற்கும்? விரல் வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு கொசு அதில் மாட்டிக்கொண்டு இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. சுனையின் விளிம்பிலேயே வெள்ளைப் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

ஆடுகளோடு அக்கா அங்கிட்டுத்தான் நின்றார். அவர் மேல் பாய்ந்தேன்.

“இம்புட்டையும் வச்சுக்கிட்டா அன்னைக்கு ஒண்ணுமில்லைன்னீங்க?”

“மூலிகைப் பேரச் சொன்னா பலிக்காதுங்க மேடம். பறிக்கிறவ வாயில பேரு வரக்கூடாது. யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவோம், கேக்குறவங்களும் புரிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்க. நீங்க அத அப்பிடியே எழுதுவீங்கன்னு எனக்கென்ன தெரியும்? படிச்சவங்க ஏறிப் பாக்க மாட்டீங்களா?”

பாறைக்கு வேட்டு வைக்கப்போகிறார்கள் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தொரட்டி கீழே விழுந்தது.

அன்றைக்கே இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதலில் எழுதியது தப்பு, நான் மேலே ஏறவில்லை, அங்கே சுனை, மரம், மூலிகை எல்லாம் இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். கார்த்திகையில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வந்த அதிகாரி என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மொதல்ல இல்லைன்னீங்க, இப்ப இருக்குங்கிறீங்க. எதும்மா உண்மை? சரி, மூலிகைன்னு எழுதியிருக்கீங்களே, என்னென்ன மூலிகை? பேரைச் சொல்லச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்குவோம்.”

அக்கா எழுந்து நின்று என்னைத்தான் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தலையசைத்திருந்தால் உட்கார்ந்திருப்பார். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “சொல்லுங்கக்கா,” என்றேன்.

“நன்னாரி,” என்றார். அப்புறம் சிறியாநங்கை, குறிஞ்சான், அழுகண்ணி என்று ஒவ்வொன்றாக வந்தது. மொத்தம் பதினோரு பெயர்கள். கடைசிப் பேரில் குரல் உடைந்துவிட்டது. நான் ஒன்றுவிடாமல் எழுதினேன். கோப்பு மேலே போயிருக்கிறது. இன்றுவரை பதில் இல்லை.

தை பிறந்து சில நாள் இருக்கும். காலையில் அலுவலகத்தைத் திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றார். அவருடைய சினை ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. கால்நடை டாக்டர் வர மதியமாகும் என்று சொல்லிவிட்டார்களாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பாறையடியில் ஆடு படுத்துக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மேலே ஏறினோம்.

“நீங்க பறிங்க மேடம். நான் வாயால சொல்லிட்டேன், என் கையி இனிமே ஆகாது.”

“சரி, எந்தச் செடி?”

தலையை ஆட்டினார். “சொல்லவும் கூடாது, காட்டவும் கூடாது.”

“என்னக்கா கிறுக்குத்தனம் இது? ஆடு சாகக் கெடக்கு!” என்று கத்தினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். பதினோரு பெயர்களும் என் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. எதிரே பாறை இடுக்கெல்லாம் பச்சை. நன்னாரியை எனக்குச் சர்பத்தாகத்தான் தெரியும். அழுகண்ணி மட்டும் அந்தப் பிசுபிசுச் சிவப்புச் செடிதான் என்று பேரை வைத்து ஊகித்திருந்தேன், அதுவும் மழை போய்க் காய்ந்து கிடந்தது. மண்டி போட்டு ஓர் இலையைக் கிள்ளி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். இன்னொன்றைக் கிள்ளினேன். இன்னொன்று. கண்ணில் பட்டதையெல்லாம் கிள்ளினேன்.

கீழே ஆட்டின் கத்தல் நின்றது.

கை நிறைய இலையோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் வந்து என் முதுகில் கை வைத்தார்.

“ஒண்ணுமில்லைங்க மேடம், எந்திரிங்க,” என்றார்.