மருந்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

என் தொண்டை கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தபோது தலைமையகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு படிவம் வந்து சேர்ந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் புற்றுநோயை வரவழைக்கக்கூடிய பொருள்களுக்கு நடுவில் வேலை செய்கிறார்கள் என்று எண்ணி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். எண்ண வேண்டியவர் ஆபீசில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி. அதாவது நான்.

மலேசியாவில், கோலா பிலாவிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. ஆபீசுக்கு நான்கு பக்கமும் செம்பனை. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கதவு. பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் களைக்கொல்லி வைக்கும் ஸ்டோர். களைக்கொல்லி என்று படிவத்தில்தான் எழுதுவோம். வாயில் வருவது மருந்துதான். ஆளைக் கொல்லக்கூடியதை மருந்து என்று கூப்பிட்டுப் பழகிய கூட்டம் நாங்கள்.

சம்பளம் எனக்குக் கிராணி வேலைக்கு, பிழைப்பு என்னவோ வாயால்தான். காலையில் பெரட்டு எடுக்கும்போது, அதாவது பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது, இரண்டு பேரையாவது சிரிக்க வைக்காமல் விட மாட்டேன். அந்த வாயிலிருந்து இரண்டு மாதமாக, நனைந்த அட்டைப்பெட்டியைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது என்று மனைவி பக்கத்து வீட்டில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பயத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு முறை நெஞ்சில் வாயு பிடித்ததற்கு, என் சட்டைகளில் எது எந்த மச்சானுக்கு என்று மனைவியிடம் பிரித்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். நீளமாக ஒரு டுரியான் பழ ஏப்பம் வந்தது. எழுந்து உட்கார்ந்து, நீலச் சட்டையைத் திருப்பிக் கேட்டேன். அப்படிச் சின்னப் பயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறவன், இந்தத் தொண்டை விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். போகாத வரைக்கும் வெறும் சளி.

படிவத்தோடு ஒரு பட்டியல் இணைத்திருந்தார்கள். நாள் முழுக்க வெயில். டீசல் புகை. விறகுப் புகை. பழைய கூரைத் தகடு உடையும்போது கிளம்பும் தூள். சில வகைக் களைக்கொல்லிகள். எந்த வரியைப் பார்த்தாலும் அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் நாலு நம்பர் லாட்டரி வாங்கியிருக்கிறேன், ஒரு நாள்கூட இப்படி வரிசையாக அடித்ததில்லை. கிராணியாவதற்கு முன்னால், இங்கே ரப்பர் இருந்த காலத்தில், ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் நான்கு வருடம் இருந்தேன். கண் எரிய எரிய விறகு தள்ளிய ஆள்.

படிவத்தின் முதல் கட்டத்திலேயே சிக்கல். யாரைக் கணக்கில் சேர்த்தீர்கள், எந்த அளவுகோலை வைத்து? அளவுகோலை எண்ணுகிறவனே முடிவு செய்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் கட்டம் சிவப்பாகி, அடுத்த பக்கத்துக்கு விடாது. அடியில் இன்னொரு வரி: கணக்கில் சேர்ந்த அத்தனை பேரையும் கம்பெனி வேனில் சிரம்பானுக்கு, தெமியாங்கில் உள்ள கிளினிக்குக்கு அழைத்துப்போய் முழுச் சோதனை செய்வார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே அளவுகோல்தான், நான் இல்லாத அளவுகோல். காலை முழுக்க யோசித்து எழுதினேன்: ‘இன்றைய தேதியில், வாரத்தில் மூன்று நாளாவது, பொருளை நேரடியாகக் கையாளுகிறவர்.’ பெரட்டுப் புத்தகத்தைத் திறந்து மருந்து அடிக்கும் கும்பலை எண்ணினேன். வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் ஆறு பேர், இந்தோனேசியர் மூன்று பேர். ஆக ஒன்பது. கட்டம் பச்சையானது. மேனேஜரிடம் காட்டினேன், “பாகுஸ்” என்றார், பிரமாதம் என்று. சின்ன எண்ணிக்கை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

பதினோரு மணிக்கு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, தோட்டமே அக்கா என்று கூப்பிடும் ஆள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இப்போது ஆபீசைக் கூட்டித் தேத்தண்ணி போடும் வேலை, அதற்கு முன்பு வெளிக்காட்டில். கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“தம்பி, கிளினிக்குக்கு வேன் வருதாமே. எம் பேரு இருக்கா?”

“எதுக்கு அக்கா? அந்த வேன்ல ஏர்கோன் கெட்டுப்போச்சு லா. மயக்கம் போட்டு விழுவீங்க.”

“வெளாடாத. இருக்கா, இல்லியா?”

“மருந்து அடிக்கிறவங்களுக்கு மட்டுந்தான் அக்கா.”

அவர் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேலே இருபது காசு அளவில் ஒரு புண், ஓரமெல்லாம் தடித்துப்போய், நடுவில் ஈரமாக.

“ஆறு மாசமாச்சு. என்னென்னமோ தடவிப் பாத்துட்டேன், ஆற மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரில தேதி கேட்டா தீவாளி கழிச்சு வரச் சொல்றான். வேன்ல போனா அன்னிக்கே பாத்துருவாங்கல்ல?”

நான் எழுந்து பழைய பெரட்டுப் புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கினேன். ஆள் ஏதாவது கேட்டால் தேடுவதுபோல நடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திறமை உண்டு. இந்த முறை நடிக்கத் தேவைப்படவில்லை. அவர் பேருக்கு நேராக, நாள் தவறாமல், பதினெட்டு வருடத்துக்கு ஒரே வேலைதான் எழுதியிருந்தது: தண்ணீர் தூக்குபவர்.

“புக்குல தண்ணி தூக்குனதாத்தான் இருக்கு அக்கா.”

“எழுதுனது யாரு? உங்கப்பனா?”

நான்தான். என் கையெழுத்து, என் நீல மை. அந்தக் காலத்தில் புத்தகத்தில் இருந்த வேலைகள் கொஞ்சம்தான்: மருந்து அடிப்பது, குலை வெட்டுவது, பழம் பொறுக்குவது, தண்ணீர் தூக்குவது. மருந்து கலக்குவது என்று ஒரு வேலையே அதில் கிடையாது. அக்கா ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றுவார், போத்தலைத் திறந்து மருந்தை ஊற்றுவார், குச்சியால் கலக்குவார். குச்சி கிடைக்காத நாளில் கையை விட்டே கலக்குவார். பிறகு அடிக்கிறவர்களின் பம்பில் மொண்டு ஊற்றுவார். எல்லாரையும்விட மருந்தைத் தொட்டவர் அவர்தான். அடிக்கிறவர்களுக்கு பூட்ஸ், கையுறை, வேலை முடிந்ததும் குடிக்க ஒரு டின் பால் எல்லாம் உண்டு. தண்ணீர் தூக்குபவருக்கு எதுவும் இல்லை. புத்தகத்தில் இடம் இல்லை என்பதற்காக நான் எழுதிய இரண்டு வார்த்தை, பதினெட்டு வருடம் அவர் கையில் உறை இல்லாமல் செய்திருந்தது.

“பாக்குறேன் அக்கா” என்றேன்.

“நல்லாப் பாரு. கண்ணாடியப் போட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூளை உடனே வேலை செய்தது. அக்கா வர வேண்டும், நான் வரக் கூடாது. ‘ஐந்து வருடத்துக்கு மேல் கையாண்டவர், இப்போது செய்யாவிட்டாலும்’ என்று அளவுகோலை மாற்றினேன். அக்காவுக்குப் பதினெட்டு. எனக்குப் புகைக் கொட்டகையில் நான்குதான்! நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு ஆட்டம் போட்டேன். அக்காவின் பேரைத் தட்டினேன். கட்டம் சிவப்பானது.

பதிவேட்டில் அந்த வேலை எழுதப்படாத ஆளைச் சேர்ப்பதாக இருந்தால், அந்த வேலையை நேரில் பார்த்தவர் ஒருவர் எங்கே நின்று, எத்தனை காலம் பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

யார் பார்த்தது? அப்போது வேலையை மேற்பார்த்த மண்டோர் செத்துப்போய்விட்டார். அடித்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஆள்தான். தினமும் காலையில் ஸ்டோரைத் திறந்து, மருந்தை மூடியால் அளந்து கொடுத்து, காலிப் போத்தலைத் திரும்ப வாங்கும் வரை பீப்பாய்க்கு இரண்டு முழம் தள்ளி நின்ற ஆள். பதினெட்டு வருடம். எழுதிக் கையெழுத்துப் போட்டால், அக்காவோடு சேர்த்து என்னையும் நானே பிடித்துக் கொடுத்ததாகிவிடும். புகைக் கொட்டகையையும் கூட்டினால் இருபத்திரண்டு.

மத்தியானச் சோற்றுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். வீட்டுக்கு ஐந்து நிமிடம். அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. செம்பனை வரிசைக்குள் எந்தப் பாதையில் திரும்பினாலும் அதே மரம், அதே நிழல், கடைசியில் அதே ஆபீஸ் கூரை. அளவுகோலை மாற்றி மாற்றி யோசித்தேன். ‘பெண்கள் மட்டும்’ என்று எழுதலாமா? ‘கையில் புண் இருப்பவர்கள்’? ‘தேத்தண்ணி போடுகிறவர்கள்’? எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஏதோ இடறியது. விழுங்காமல் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் எச்சில் விழுங்காமல் இருந்து பாருங்கள், அதைவிடப் பெரிய நோய் உலகத்தில் இல்லை.

வீட்டில் மீன் குழம்பு. “என்னா, இன்னிக்கும் மௌன விரதமா?” என்றாள் மனைவி. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வந்தபோது அக்கா என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். புண் இருந்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால். அதைப் பார்த்துக்கொண்டே என்னால் உட்கார முடியவில்லை. அவர் போகிற வரைக்கும் கதவருகே நின்றேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன்: நான் நேரில் பார்த்தேன். பீப்பாய்க்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன். பதினெட்டு வருடம். கையெழுத்து.

அளவுகோலில் ‘கையாண்டவர்’ என்பதோடு ‘அல்லது பக்கத்தில் இருந்தவர்’ என்றும் சேர்த்தேன். அந்த ஒரு கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே வர ஆரம்பித்தார்கள். டீசல் டிராக்டரை இருபது வருடமாக ஓட்டுகிறவர். முன்பு ஸ்டோரில் மருந்துப் பெட்டி சுமந்துவிட்டு இப்போது காவலுக்கு இருப்பவர்கள். புகைக் கொட்டகையில் கடைசி வரை இருந்து இப்போது புல் வெட்டுகிறவர்கள். ஐந்து மணிக்கு எண்ணிக்கை முப்பத்து நான்கு. முப்பத்து நான்காவது பேரைத் தட்டும்போது எழுத்துப்பிழை வந்தது. என் சொந்தப் பேர்.

மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். காலையில் ஒன்பது, சாயந்தரம் முப்பத்து நான்கு, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று மலாயில் கேட்டார். அளவுகோலை மாற்றினேன் என்றேன். ஐந்து வருடத்தைப் பத்தாக்கினால் குறையுமே என்றார். “குறையும் துவான், ஆனா அதுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடணும்” என்றேன், மலாயில், ‘துவான்’ என்ற மரியாதை குறையாமல், என் அட்டைப்பெட்டிக் குரலில். அவர் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். அது ஸ்டோர் சுவர்.

“நான் இங்கே வந்து எத்தனை வருஷம்?” என்றார்.

“ஆறு, துவான்.”

முப்பத்து ஐந்து என்று திருத்தி அனுப்பினோம்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் யாரோ போனில் படம் எடுத்துத் தோட்டத்து வாட்சப்பில் போட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகும் முன்னால் மனைவி பார்த்துவிட்டாள். வாசலில் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“ரெண்டு மாசமா தொண்ட கட்டிக்கிச்சேன்னு சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேனே, மனுசா. உள்ளுக்குள்ள இத்தன பயத்த வச்சிக்கிட்டா குடிச்ச? ஒரு ஏப்பத்துக்குச் சட்டையெல்லாம் பங்கு வச்சவனுக்கு இத மட்டும் சொல்ல வாய் வரலியா?”

வாய் வரவில்லைதான். அதுதான் நோயே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிளினிக்கில் இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. இரண்டு பக்கத்துக்கும் ஒரே டாக்டரம்மா, நம் ஆள்தான், பொறுமையாகப் பேசினார். என்னென்ன பொருளுக்குப் பக்கத்தில் வேலை செய்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்டார். இத்தனை தூரம் வந்தும் என் புத்தி போகவில்லை. சின்ன எண் சொன்னால் சின்ன நோயாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

“ஒரு… ரெண்டு மூணு வருஷம் இருக்கும் டாக்டர்.”

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“டாக்டரம்மா, அவன் புளுகுறான். எங்கூட நின்னதே பதினெட்டு வருஷம். அதுக்கு முன்னாடி பொகையில கெடந்தான். சேத்து எழுதுங்க.”

“இருவத்திரெண்டு டாக்டர்” என்றேன்.

எனக்கு மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள், அக்காவின் புண்ணிலிருந்து ஒரு துண்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். என் குரல்நாணில் இருந்தது காய்ப்பு. வருடக்கணக்காகப் பெரட்டில் கத்தியதால் வந்தது. கத்தாமல் இருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்றார். எனக்கு அப்போது கத்த வேண்டும் போல இருந்தது.

அக்கா உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு கடிதம். சதைத் துண்டில் கெட்டது இருக்கிறதாம். பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாதாம். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், வருகிற வியாழக்கிழமையே பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒரு வேடிக்கைப் பேச்சுக்காகத் தேடினேன். கடிதத்தை வாங்கித் தேதியை இரண்டு முறை படித்தேன்.

கவுன்டரில் இருந்த நர்ஸ், அன்றைக்குத் துணைக்கு வருகிறவர் யார் என்று கேட்டாள். அக்காவின் மகன் ஜொகூரில், லீவு கிடைக்காது. அக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

“இவரு உங்களுக்கு என்ன உறவு?”

“தம்பின்னு போட்டுக்கம்மா” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஆறு மணிக்கே வந்துரணும். உன் மோட்டாருல வேணாம், காரு எடுத்துட்டு வா. வழியில எங்கயும் சுத்தாம நேரா ஓட்டு.”

“சரி அக்கா” என்றேன்.