பிளாப்பிக்கு வைத்த சந்தனப் பொட்டு

கம்ப்யூட்டர் வகுப்பு முடித்த நாளிலிருந்து, குமாரபாளையத்தில் கைலி வியாபாரம் செய்யும் சித்தப்பாவின் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தர ஞாயிறுதோறும் சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறுகிறேன். காபியைத் தவிர வேறு கூலி கிடையாது.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள், ஆர்டர் பட்டியல் எதுவும் திறக்கவில்லை என்று எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், பட்டியல் பதிந்த பிளாப்பிகளில், உறையின் திறப்பு வழியே உள்ளிருக்கும் காந்தத் தட்டு பளபளவென்று தெரிகிற இடமாகப் பார்த்துச் சந்தனம் வைத்திருந்தார் சித்தி.

“பூசை பண்ணுனது ஒரு குத்தமா கண்ணு?” என்றார்.

நல்லவேளை, கடைசியாக வந்தபோது எடுத்த நகல் என் கைப்பையிலேயே இருந்தது. அதைப் போட்டதும் பட்டியல் முழுவதும் திரையில் வந்தது.

“எங்கண்ணன் புள்ள இருக்கையில எனக்கென்னங்க” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார் சித்தப்பா.

இந்த வருஷம் பூஜைக்கு முன்பே பிளாப்பிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த சித்தி, என் பத்து விரல்களுக்கும் பொட்டு வைத்தார்.